விற்றவர் வைத்த பாக்கி யார் தலையில்?

“கொஞ்சம் நிலத்தை விற்று, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்காகத் தாம்பரத்தில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இப்போது, முந்தைய உரிமையாளர் 3 வருடப் பராமரிப்புக் கட்டணம் 72,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகவும், அதைக் கட்டினால்தான் பெயர் மாற்றித் தருவோம் என்றும் குடியிருப்போர் சங்கத்தார் சொல்கிறார்கள். அதை நாங்கள் கட்ட வேண்டுமா?”

- வாசகர், கண்டமங்கலம்.

பத்திரப் பதிவு நாள் வரையிலான பராமரிப்புக் கட்டணம், விற்றவர் சங்கத்துக்குப் பட்ட கடன். பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். இந்தப் பாக்கி அதில் வராது.

முதலில், சங்கத்திடம் மாதவாரிக் கணக்கையும் துணைவிதி நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். பாக்கி தீர்ந்தால்தான் பெயர் மாற்றம் என்று விதியில் இருக்கிறதா எனப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் 1970-ம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம், இத்தகைய பாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவரையுமே பொறுப்பாக்குகிறது. உங்கள் சங்க விதியும் அப்படி இருந்தால், ‘எனக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்கிவிட முடியாது.

அடுத்து, உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ‘பாக்கி ஏதும் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன்’ என்ற வாசகம் இருந்தால், அதைக் காட்டி விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவசரத்துக்கு நீங்களே கட்ட நேர்ந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒருவர் கட்ட வேண்டியதை, அதில் பாதிக்கப்படும் இன்னொருவர் கட்டினால் திரும்பப் பெறலாம் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவு. பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

நிலம் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்பனை நாள் வரையிலான வரிகளை விற்றவரே கட்ட வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆனால், 1864-ம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி நிலவரிக்கு அந்த நிலமே ஜாமீன். மின் கட்டணப் பாக்கியிலும் கவனம் தேவை. பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் நிபந்தனை விதிக்க, மின் விதிகள் இடம் தந்தால் அது செல்லும் என 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே, பத்திரப் பதிவுக்கு முன்பே கடைசி பசலி வரையிலான கிஸ்தி ரசீது, மின் கட்டண ரசீது, கூட்டுறவுச் சங்கத்தின் ‘கடன் பாக்கி இல்லை’ சான்று மூன்றையும் கேளுங்கள். ஃபிளாட் என்றால் குடியிருப்போர் சங்கச் சான்றும் வேண்டும். அவை கைக்கு வரும்வரை கிரயத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கை மாறிய பிறகு, விற்றவரைத் தேடி அலைவது நீங்களாகத்தான் இருக்கும்.