நூலகரின் கண்ணீர் உங்களுடையது அன்று

நம் இலக்கியத் துறைகளில் ஒரு முரண் நெடுங்காலமாக யாரையும் உறுத்தாமல் இருந்துவருகிறது. முதுகலை வகுப்பில் ரொலான் பார்த்தின் ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரையை நடத்துகிறோம். 1967இல் வெளிவந்த அக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, பனுவலுக்கு ஒற்றை உரிமையாளர் கிடையாது என்று அடித்துப் பேசுகிறோம். அந்த மாணவர்களிலேயே இருவர் சேர்ந்தெழுதிய புனைவொன்றைப் படைப்பாக்கத் தாளுக்குக் கொண்டுவந்தால், ‘இதில் உன் பங்கு எது, அவள் பங்கு எது?’ என்று கேட்டுத் திருப்பியனுப்புகிறோம். ஆசிரியன் இறந்துவிட்டான், ஆனால் மதிப்பெண் பட்டியலில் மட்டும் அவன் உயிரோடு, அதுவும் தனியாளாக, இருந்தாக வேண்டும்.

நான் பேச வருவது, இணையத்தில் ‘ரோல்பிளே’ என்று வழங்கும் கூட்டுப் புனைவெழுத்தைப் பற்றி. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு பத்தி எழுதுகிறார். அதைப் படித்த மற்றவர் தம் பாத்திரத்தின் நிலையிலிருந்து அடுத்த பத்தியை எழுதுகிறார். கதை எங்கே போகும் என்பது இருவருக்கும் தெரியாது. டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் நம் விடுதி அறைகளில் இரவு ஒரு மணிக்கு நடந்துகொண்டிருப்பது இதுதான். அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் இதனை ‘அரட்டைக்குப் பூசிய அரிதாரம்’ என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அந்தச் சிரிப்புக்கு ஒரு மறுப்பாகவும், எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டுவரும் இளங்கலை மாணவர்களுக்கு ஒரு விடையாகவும் இப்பதிவை எழுதுகிறேன். இரண்டும் ஒரே பதிவில் வரக் காரணம் உண்டு. இவ்வெழுத்தை எள்ளும் பேராசிரியரும், இதைத் தவறாகத் தொடங்கும் மாணவரும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறார்கள்: கதை முழுவதும் என் கையில் இருந்தால்தான் நான் எழுத்தாளர்.

இது நேற்று முளைத்த கேளிக்கை என்போருக்காகச் சிலவற்றை மட்டும் நினைவூட்டிக் கடக்கிறேன். 1488இல் ஜப்பானியக் கவிஞர் சோகி, தம் மாணவர் இருவரோடு அமர்ந்து மாறி மாறி நூறு கண்ணிகள் பாடி முடித்த தொடர்கவிதை, அம்மொழியின் செவ்வியல் சாதனைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. பிராண்ட்டி உடன்பிறப்புகள், 1826இல் தந்தை வாங்கிவந்த பன்னிரண்டு பொம்மை வீரர்களில் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் சூட்டிக்கொண்டுதான் புனைவுலகுக்குள் நுழைந்தார்கள். அந்த விளையாட்டு ஆங்கிரியா, கோண்டல் என்னும் கற்பனை நாடுகளாக வளர்ந்தது. ‘ஜேன் அயர்’ வெளிவந்தது 1847இல். இடைப்பட்ட காலத்தில் பல ஆண்டுகள் சார்லட் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி தம்பியோடு சேர்ந்து கட்டிய உலகத்தைப் பற்றியது. கணினி வழியாகப் பலர் ஒரே கற்பனை வெளிக்குள் நுழைவதும் பழைய செய்திதான். எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா 1978இல் எழுதத் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் எழுத்துவழி விளையாட்டிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது.

தமிழில் இது இருந்ததா என்று உடனே கேட்பீர்கள். ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்ற வாய்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ பரத்தையாகவோ பேசுகிறார். யார் எந்தச் சூழலில் பேசலாம் என்பதற்கே தொல்காப்பியர் களவியலிலும் கற்பியலிலும் நூற்பாக்களை ஒதுக்கியிருக்கிறார். ஆயினும் அங்கே வேடமேற்பவர் ஒருவர். அவருக்கு மறுமொழி சொல்ல இன்னொரு புலவர் எதிரே இல்லை. இவ்வெழுத்துக்கு உண்மையான உறவு தஞ்சைப் பகுதியின் லாவணியோடுதான். மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் அமர்ந்து, எதிராளி விட்ட சொல்லைப் பிடித்து அந்த இடத்திலேயே பாட வேண்டிய கலை அது. எதிராளி என்ன பாடுவார் என்பதை யாரும் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர முடியாது.

தொடங்குவோருக்கு வருகிறேன். இணையத்தில் இதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல, முதல் வேலையாக ஒரு படிவத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றன. பாத்திரத்தின் பெயர், வயது, கண்ணின் நிறம், சிறப்பாற்றல், குழந்தைப் பருவத் துயரம் என்று நீளும் படிவம். மாணவர்கள் அதை வாரக்கணக்கில் நிரப்புகிறார்கள். பத்துப் பக்க வாழ்க்கை வரலாற்றோடு வருபவர் கதை எழுத வருவதில்லை. தம் பாத்திரத்துக்குப் பார்வையாளர் தேடி வருகிறார். அந்தப் பாத்திரத்துக்கு நேர வேண்டியவை எல்லாம் முன்பே நேர்ந்து முடிந்துவிட்டன. இன்னொருவர் செய்வதற்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது? இந்தக் காட்சியில் உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதை மறைக்க விரும்புகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். எஞ்சியவற்றை எதிரே எழுதுபவர் கேட்கும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தர ஒரு பெண் கல்லூரி நூலகத்துக்கு வருகிறாள். அவளை நீங்கள் எழுதுகிறீர்கள். நூலகரை உங்கள் தோழி எழுதுகிறார். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: ‘அவள் புத்தகத்தை நீட்டினாள். அதைக் கண்ட நூலகர் அதிர்ந்துபோய்க் கண்ணீர் விட்டார்.’ முதல் வாக்கியம் உங்களுடையது. இரண்டாம் வாக்கியம் திருட்டு. நூலகர் அழுவாரா, கடிந்துகொள்வாரா, தலையே நிமிராமல் தண்டத்தொகையைக் கணக்கிடுவாரா என்பது உங்கள் தோழியின் உரிமை. இந்த அத்துமீறலை இத்துறையினர் ‘காட்மோடிங்’ என்பார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே கடவுளாகிவிடுவது என்று பொருள் கொள்ளலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அவள் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். உள்ளட்டையில் முத்திரையிட்டிருந்த தேதியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.’ எதிரே இருப்பவருக்கு இப்போது பிடிப்பதற்கு ஒரு கட்டைவிரல் கிடைத்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்கலாம், கவனித்தும் கவனியாததுபோல் இருக்கலாம், விரலை எடுக்கச் சொல்லலாம். உங்கள் தோழி இவற்றில் எதையும் செய்யாமல், ‘மழை வருது, குடை கொண்டுவந்தியா?’ என்று நூலகரைக் கேட்க வைக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் திட்டமிட்டிருந்த மன்னிப்புக் காட்சி சரிந்துவிட்டது. அந்த நூலகர் தேதியைப் பார்த்துவிட்டாரா, இல்லையா? உங்கள் பெண்ணுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தன் பாத்திரத்துக்குத் தெரியாததைத் தானும் அறியாமல் எழுதும் இந்த நிலை தனியே எழுதுபவருக்கு எளிதில் வாய்க்காது. படைப்பாக்கப் பட்டறைகளில் ‘வியப்பு’ பற்றி நாம் நடத்தும் ஒரு மணிநேர விரிவுரை இதைக் கற்பிக்குமா?

இது வெறும் நடைநயம் பற்றிய பேச்சு அன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையக் கணினியில் இயங்கிய லாம்டாமூ என்னும் எழுத்துலகில், ஒரு பயனர் சிறு நிரல் ஒன்றைப் பயன்படுத்தி, மற்றவர்களின் பாத்திரங்கள் அவர்கள் விரும்பாத பாலியல் வன்செயல்களைச் செய்வதுபோலத் திரையில் எழுத்துகளை ஓடவிட்டார். பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் 1993இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இணையப் பண்பாட்டு ஆய்வுகளில் தொடக்கப் பாடம். அங்கே யாரும் உடலால் தொடப்படவில்லை. நடந்தது இலக்கணத்தில்: என் பாத்திரத்தை எழுவாயாக வைத்து இன்னொருவர் வினைமுற்று எழுதிவிட்டார். நூலகரின் கண்ணீருக்கும் அந்த வன்முறைக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது என்பதை அறிவேன். ஆனால் வாக்கிய அமைப்பு ஒன்றே. ஆகவே எந்தப் பொருளை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதைக் கதைக்கு வெளியே, பாத்திரங்களாக இல்லாமல், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அறிமுகமற்றவரோடு எழுதும்போது உங்கள் ஊரையும் கல்லூரியையும் படத்தையும் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரோடு காதற்காட்சி எழுதாதீர்கள்; எதிரே இருப்பவரின் வயது ஐயத்துக்குரியது என்றாலும் எழுதாதீர்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

நான் அறிந்த தமிழ் மாணவர்கள் ஏறத்தாழ அனைவரும் இதனை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். மாநிலம் கடந்த குழுக்களில் அது இயல்பு. ஆனால் இரண்டு தமிழர்கள் தமக்குள் எழுதும்போதும் ஆங்கிலத்துக்குத் தாவுவதைக் காண்கிறேன். தமிழ் இதற்கு வராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்குத் தோன்றுவது வேறு: தமிழில் எழுதினால் மறைக்க இடம் இருக்காது.

ஆங்கிலத்தில் ஒரு காவலாளியை உள்ளே கொண்டுவரலாம். அவரைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்பதை வாக்கியம் கேட்காது. தமிழில் ‘வந்தான்’ என்பீர்களா, ‘வந்தார்’ என்பீர்களா? வினைமுற்றின் கடைசி எழுத்தில் நீங்கள் பிடிபட்டுவிடுவீர்கள். தனியே எழுதும் எழுத்தாளருக்கு இது பழகிய விகுதி, யோசிக்காமல் கடந்துவிடுவார். இருவர் எழுதும்போது என்ன நேர்கிறது என்று பாருங்கள். நீங்கள் ‘காவலாளி கதவைத் திறந்தான்’ என்று எழுதுகிறீர்கள். காவலாளியை எழுதும் உங்கள் தோழர் அடுத்த பத்தியில் ‘காவலாளி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்’ என்று தொடங்குகிறார். சண்டை இல்லை, விளக்கம் இல்லை. ஒரு விகுதிதான் மாறியிருக்கிறது. யாருக்கு ‘ன்’, யாருக்கு ‘ர்’ என்பதில் இச்சமூகம் ஒளித்துவைத்திருக்கும் சாதியும் வர்க்கமும் அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவே வெளியே வந்துவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் எழுதுபவர் அந்தக் காவலாளியின் மகனாகவே இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முன் சொன்ன நூலகரின் ‘கொண்டுவந்தியா’வும் அப்படித்தான். அது ‘கொண்டுவந்தீங்களா’ என்று இருந்திருந்தால் அது வேறு நூலகர், வேறு கதை. விளிம்புநிலை பற்றி நம் ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சேர்ந்தெழுதும் இரு பத்தொன்பது வயதினர் ஒரே இரவில் இந்த விகுதிச் சிக்கலில் முட்டிக்கொள்கிறார்கள்.

எடுத்துரைப்பு எழுத்துநடையிலும் உரையாடல் அவரவர் வட்டார வழக்கிலும் இருக்கட்டும். நெல்லைக்காரரும் கொங்குநாட்டவரும் சேர்ந்து எழுதினால் இரண்டு பாத்திரங்களும் வேறுவேறாக ஒலிப்பதற்குத் தனி முயற்சியே வேண்டாம்.

இப்போது ஒரு புதிய ஆலோசனை உலவுகிறது: முதலில் செயற்கை நுண்ணறிவு உரையாடலியோடு பழகுங்கள், கூச்சம் தெளிந்தபின் மனிதர்களிடம் செல்லுங்கள் என்று. கூச்சத்தை நான் எள்ளவில்லை. எழுத்துப்பிழையைக் கண்டு நகைக்கும் வகுப்புகளிலிருந்து வந்தவர்களுக்கு அது உண்மையான தடை. ஆயினும் இந்த ஆலோசனை நேர்மாறானதைக் கற்பிக்கிறது. அந்த எந்திரம் நீங்கள் எங்கே இழுத்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கு நாளை தேர்வு கிடையாது, சலிப்புத் தட்டாது, ‘இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தானாக எழுந்துபோகாது. நூலகர் அழ வேண்டும் என்றால் அழுதுவிடுவார். அதனோடு ஆறு மாதம் எழுதியவர் மனிதரிடம் வரும்போது, ஏவியதைச் செய்யும் துணையை எதிர்பார்த்தே வருகிறார். கூச்சமுடையோர் நம்பகமான ஒரு நண்பரோடு, ஒரு முறைக்கு ஐந்து வரி என்ற கணக்கில் தொடங்கட்டும். வெற்றுத்தாள் பற்றிய அச்சம் அங்கே பாதியாகிவிடும். எதிரே ஏற்கெனவே ஒருவர் எதையோ எழுதி வைத்திருக்கிறார். அதற்கு விடை சொன்னால் போதும்.

நம் நிறுவனங்களுக்குப் பிறர் சொல்லைப் பற்றித் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அவ்விதிகள் ஆய்வேட்டுக்குத் தேவையானவை. அவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிறர் சொல்லோடு ஒரு மாணவருக்கு உள்ள உறவு திருட்டாக மட்டுமே இருக்க முடியும் என்ற மனநிலை படைப்பாக்க வகுப்புக்குள்ளும் பரவிவிட்டது. கூட்டெழுத்தை மதிப்பிட முடியாது என்பது சோம்பலின் வாதம். ஒவ்வொரு பத்தியும் நேரக்குறிப்போடு, எழுதியவர் அடையாளத்தோடு அங்கே இருக்கிறது; தனியாள் சிறுகதைக்கு இப்படியொரு சான்று யாரிடமும் இல்லை. துணைவர் விட்ட நுனியை இவர் பிடித்தாரா, பிடித்ததைக் கொண்டு தன் பாத்திரத்தை நகர்த்தினாரா, துணைவருக்கு ஒரு நுனியை விட்டுவைத்தாரா என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

இவை முடிவதே இல்லையே என்பது கடைசி ஆட்சேபம். உண்மைதான். பெரும்பாலான கூட்டுக் கதைகள் பாதியில் நிற்கின்றன. யாருக்கோ தேர்வு வருகிறது, யாருக்கோ வேலை கிடைக்கிறது. கோண்டல் நாட்டின் உரைநடைக் கதைகளும் நமக்குக் கிடைக்கவில்லை. எமிலி பிராண்ட்டியின் கவிதைகள் சில அந்த நாட்டின் மாந்தர் குரலில் எஞ்சியிருக்கின்றன. நிறுத்துவது குற்றமன்று. சொல்லாமல் மறைவதுதான் குற்றம். ‘இனி என்னால் எழுத இயலாது’ என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அங்கே ஒருவர் நூலகத்தில் விளக்கை அணைக்காமல், உங்கள் கட்டைவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.