மார்ச் 24-ஓடு நின்றுபோன நோட்டு



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் நான் தவறாமல் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. கடை நடத்தும் அக்கா போன மாதம், "பரணைச் சுத்தம் பண்ணப்போ கெடச்சுது சார்" என்று ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். 2020 மார்ச் மாதக் கடன் கணக்கு. 'ஒடிசா பையன், மாடி ரூம் - 340'. 'ரோலிங் மில் பீகார், 2 பேர் - 615'. 'லோடு ஆட்டோ தம்பி - 90'. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள். மார்ச் 24-ஆம் தேதியோடு எழுத்து நின்றுவிடுகிறது. மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள்.

"வசூல் ஆச்சாக்கா?" என்று கேட்டேன்.

"யார்கிட்டப் போய்க் கேக்கறது? அவங்களே மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு ஆந்திரா பக்கம் நடந்து போனாங்க."

ஊரடங்கு விழுந்த அந்த ஏப்ரல் - ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சரிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நமக்கு அது டிவியில் ஓடிய ஓர் எண். அக்காவுக்கு அது பாதி நோட்டு வெள்ளைத் தாள்.

எல்லாப் பழியையும் கொரோனா தலையில் போட்டுவிட்டால் கணக்கு சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நம் பகுதியில் தொழில் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2016 நவம்பரிலிருந்து ஆரம்பிப்பார்கள். 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த பட்டறைகள் திணறின. நிமிர்வதற்குள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. சரக்கு அனுப்பிய பணம் கைக்கு வரும் முன்பே வரி கட்ட வேண்டிய நிலை. 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் தவணை கட்ட முடியாமல் விழுந்ததும், மற்ற ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் பணம் கிடைப்பது கஷ்டமானது. அவர்கள் கையை இறுக்கினார்கள். லாரி வாங்கக் கடன் கிடைப்பது குறைந்தது. லாரி விற்பனை படுத்தது. 2019 செப்டம்பரில் நம் பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை 16 நாட்களை உற்பத்தி இல்லாத நாட்களாக அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது கொரோனா என்ற பெயரே யாருக்கும் தெரியாது.

அந்த மாதமே மத்திய அரசு கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைத்தது. லாபம் வந்தால்தானே வரி? அதுவும் பதிவு பெற்ற கம்பெனிகளுக்குத்தான். சொந்தப் பெயரில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அதில் பைசா பிரயோஜனம் இல்லை.

இப்படி ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்த உடம்பின் மேல்தான் ஊரடங்கு வந்து விழுந்தது. வீடு கட்டுவது நின்றது. நம் ஆலைகளின் கம்பியைக் கேட்க ஆளில்லை. கம்பி போகாததால் ஸ்கிராப் உருக்கும் உலை அணைந்தது. உலை அணைந்ததும் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகள் காலி. அந்த வாடகையை நம்பி வங்கிக் கடன் வாங்கி மாடி எழுப்பியவர், தன் வீட்டுச் செலவைச் சுருக்கினார். மளிகைக் கடை, மெஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் வரிசையாகப் படுத்தன. மின்சார ரயிலில் பொதுமக்கள் எல்லோரும் ஏற டிசம்பர் கடைசி ஆகிவிட்டது. 

அரசு சும்மா இருந்ததா? இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கியது. ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது. ஆனால் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. மே மாதம் 20 லட்சம் கோடி ரூபாய் திட்டம் வந்தது. அதில் சிறு தொழில்களுக்கென்று 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன். ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை, சொத்து அடமானம் இல்லாமல், அரசு உத்தரவாதத்தில் கிடைத்தது. பல ஆலைகளைக் காப்பாற்றிய நல்ல திட்டம்தான்.

ஆனால் அந்த நிபந்தனையை மறுபடி படியுங்கள். ஏற்கெனவே கடன் பாக்கி இருந்தால்தான் புதுக் கடன். வங்கி வாசலே மிதிக்காத நம் டீக்கடை அக்காவுக்கு எதில் 20 சதவீதம் கொடுப்பார்கள்? ஆர்டரே இல்லாத பட்டறைக்காரர் கடன் வாங்கி எதைச் செய்வார்?

வீட்டுக்கு நேராக வந்தது குறைவு. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய், தமிழக அரசின் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய், இலவச அரிசி. ஒடிசா பையனிடம் நம் ஊர் கார்டு ஏது? நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கியது. ஆனால் கும்மிடிப்பூண்டி பேரூராட்சி. அந்த வேலை கிராம ஊராட்சிகளுக்குத்தான். நகர்ப்புறத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று புரிந்து, 100 கோடி ரூபாயில் தமிழக அரசு சோதனைத் திட்டம் கொண்டுவந்தது 2022-ல்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனாலும் குடும்பம் நடத்துகிற நம் எல்லோருக்கும் ஒன்று தெரியும். நீங்கள் செலவு செய்தால்தான் எனக்கு வருமானம். அப்படியிருக்க, முதலில் ஜனங்கள் கையில் காசு கொடுத்திருக்க வேண்டும். கடனை அதற்குப் பின்னால் வைத்திருக்கலாம். இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், கட்டாயம் பிரசுரிக்கிறோம்.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவதாக 2020-ல் அரசு விதியைத் தளர்த்தியது. முன்பு அது கால் பங்குதான். இ.எஸ்.ஐ. கார்டும், போதுமான நாட்கள் சந்தா கட்டிய கணக்கும் இருந்தால் விண்ணப்பிக்க முடிந்தது. நம் பகுதி கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் நான் பேசிய ஒருவர்கூட இதைக் கேள்விப்படவில்லை. ஒருவர் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது. கார்டு எண் என்னவென்று அவருக்கே தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த மாதச் சம்பளம் வந்ததும் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்திருக்கிறார்களா? பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா? யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கை நீங்களே பார்க்கலாம், இன்டர்நெட் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். பட்டறையோ கடையோ வைத்திருப்பவர்கள் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணமே கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் லைன் வீட்டில் வடமாநிலப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்