ஃபெண்டர் ஃபிளேர் அழகுக்கு இல்லீங்க

மழை விட்ட ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க இட்டேரியில நாலு ஜீப் வரிசையா வந்துச்சு. சேத்துல ஓட்டிப் பழக டவுன்ல இருந்து வர்ற தம்பிங்க. பக்கத்துத் தோட்டத்து அக்கா சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு மொபெட்டுல எதிர்ல வந்தாங்க. மூணாவது ஜீப் தாண்டுறப்போ டயர்ல இருந்து தெறிச்ச கல் அவங்க புருவத்துல பட்டுச்சு. மூணு தையல். ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்.

அந்தத் தம்பி நல்லவர்தான். தன் வண்டியிலேயே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விட்டார். அப்புறம்தான் வண்டியைச் சுத்திப் பார்த்தேன். கம்பெனி டயரைக் கழட்டிட்டு 33 இன்ச் டயர் போட்டிருந்தார். மட்கார்டைத் தாண்டி நாலு விரல் அகலம் டயர் வெளிய நின்னுச்சு. “ஃபெண்டர் ஃபிளேர் போடலையா தம்பி?”ன்னேன். “அது ஷோவுக்குத்தானுங்க, அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்”னார்.

பல பேர் நினைப்பு இதுதான். மட்கார்டு விளிம்புல ஒட்டுற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையை மீசை மாதிரி ஒரு அலங்காரம்னு நினைக்கிறாங்க. உண்மையில அதோட வேலை ஒண்ணுதான். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவையும் மேல இருந்து மூடணும். மூடலைன்னா, டயர் பல்லுல மாட்டுற கல்லும் சேறும் நேரா ரோட்டுல வர்றவங்க மேலதான் போகும். பின்னாடி வர்றவங்களுக்காக மட்ஃபிளாப்பும் வேணும்.

நாங்க மட்டும் யோக்கியமான்னு கேட்பீங்க. உழுதுட்டு அப்படியே தார் ரோட்டுல ஏறுற டிராக்டர் கட்டி கட்டியா சேத்தைப் போட்டுட்டுத்தான் போகுது. அதுவும் தப்புதான். ஆனா டிராக்டர் உருண்டு போகுது, ஜீப் பறக்குது. கல்லோட வேகம் வண்டி வேகத்தைப் பொறுத்தது.

போடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஃபிளேர் அகலத்தைத்தான் மூடும், உசரத்துக்கு இடம் கொடுக்காது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுப் பார்த்து, டயர் எங்கயும் உரசலைன்னு தெரிஞ்ச பிறகு மாட்டுங்க. தகரத்துல ஓட்டை போட்டா அந்த இடத்துல பெயிண்ட் அடிங்க. ஓட்டிட்டு வந்ததும் ஃபிளேருக்கு உள்பக்கம் தண்ணி அடிச்சுக் கழுவுங்க. அங்க தங்குற ஈரச்சேறு தகரத்தைத் தின்னுடும். டிராக்டர் மட்கார்டுல நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி. அவ்வளவு பெரிய டயர் வேணுமா? 31 இன்ச்சுல இருந்து 33-க்குப் போனா, மீட்டர் 60 காட்டுறப்போ வண்டி 64-ல போகும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவும் கம்பெனி அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

வராதீங்கன்னு சொல்லல. நீங்க வந்தா டீக்கடைக்கும் வியாபாரம், எங்களுக்கும் பேச்சுத்துணை. உங்களுக்கு அது சேத்து விளையாட்டு. அக்காவுக்கு அது தினமும் ரெண்டு வேளை பால் கொண்டு போற தடம். டயருக்குக் காசு எடுத்து வைக்கிற அன்னிக்கே ஃபிளேருக்கும் எடுத்து வைங்க. அதை அடுத்த மாசத்துக்குத் தள்ளாதீங்க.