இதயம்னா அடைப்பு மட்டும்தானா?

1/ "ஆஞ்சியோ எடுத்தாச்சு டாக்டர். அடைப்பு எதுவும் இல்லையாம். அப்போ ஹார்ட்ல ஒண்ணும் இல்லதானே?"

ஓபியில் அடிக்கடி கேட்கும் கேள்வி. இல்லைங்க. ஆஞ்சியோ காட்டுறது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்களை மட்டும்தான். குழாய் சுத்தமா இருக்கலாம், தசையும் வலுவா இருக்கலாம். அப்பவும் இதயம் நின்னு போகலாம். எப்படின்னு சொல்றேன். நீண்ட பதிவுதான், பொறுமையா படிங்க.

2/ இதயம் நெஞ்சுக்குள்ள வெறுமனே தொங்கிக்கிட்டு இல்ல. இரண்டு அடுக்குள்ள ஒரு பைக்குள்ள இருக்கு. அதுக்குப் பேர் பெரிகார்டியம், தமிழில் இதய உறை. தடிமன் 1, 2 மில்லிமீட்டர்தான். அடுக்குகளுக்கு நடுவே 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். துடிக்கும்போது உரசாம இருக்க அது எண்ணெய் விட்ட மாதிரி.

3/ உறைக்கும் வேலை உண்டு. இதயம் திடீர்னு அளவுக்கு மீறி விரியாம பிடிச்சு வைக்கிறது அதுதான். ஆனா அதோட வெளி அடுக்கு கித்தான் துணி மாதிரி, சட்டுனு நீளாது. சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

4/ உறைக்குள்ள நீர் மெதுவா, வாரக்கணக்கில் சேர்ந்தா பை கொஞ்சம் கொஞ்சமா இடம் கொடுக்கும். 1 லிட்டர் வரைக்கும்கூட தாங்கும். அதே இடத்தில் ரத்தமோ நீரோ வேகமா சேர்ந்தா 200 மில்லியே போதும், ஆளைச் சாய்ச்சுடும். ஒரு டீ டம்ளர் அளவுதான். இதுக்குப் பேர் டாம்போனேட்.

5/ ஏன் சாய்க்குது? கிணத்துல தண்ணி இறைக்கிறதை நினைச்சுப் பாருங்க. வாளி ஓட்டை இல்ல, கயிறும் அறுகல. ஆனா வாளி நிறையறதுக்கு முன்னாடியே மேல இழுத்தா வீட்டுக்கு எவ்வளவு தண்ணி வரும்? இதயத்தின் கீழறைகளும் அப்படித்தான். விரிஞ்சு ரத்தத்தை வாங்கினாத்தான் அடுத்த துடிப்பில் வெளியே தள்ள முடியும். சுத்தி நீர் அழுத்தும்போது விரிய இடமில்ல. பிபி இறங்கும், துடிப்பு எகிறும்.

6/ முதலில் அடி வாங்குறது வலது பக்கம். அங்க சுவர் மெல்லிசு, உள்ளே அழுத்தமும் குறைவு. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னாடி தேங்கும். கழுத்தில் ரத்தக்குழாய் புடைக்கும். நாளாக ஆக கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும், கால் வீங்கும்.

7/ இன்னொன்னு. இரண்டு கீழறைகளும் ஒரே பைக்குள்ள இடத்தைப் பங்கு போடுது. மூச்சை இழுக்கும்போது வலது அறை நிறையும், நடுச்சுவர் இடது பக்கம் தள்ளப்படும், இடது அறைக்கு இடம் குறையும். அதனால ஒவ்வொரு மூச்சு இழுப்புக்கும் பிபி 10 புள்ளிக்கு மேல் இறங்கும். ஜெர்மானிய மருத்துவர் குஸ்மவுல் 1873-லேயே நாடியில் விரல் வெச்சு இதை எழுதிட்டார். அப்போ எக்கோவும் இல்ல, ஈசிஜியும் இல்ல.

8/ நீர் வத்தின பிறகு சிலருக்கு உறை தடிச்சு, சுருங்கி, சுண்ணாம்பு படிஞ்சு ஓடு மாதிரி ஆகிடும். இடுப்பு நாடாவை இறுக்கிக் கட்டிட்டு விருந்துக்கு உட்கார்ந்த கதைதான். வயிறு நல்லா இருக்கு, ஆனா இடமில்ல. இந்த நிலையில் அந்த ஓட்டை ஆபரேஷன் செஞ்சு உரிச்சு எடுக்கணும்.

9/ இந்த நோயாளிக்கு நம்ம ஊர்ல என்ன நடக்குது? கால் வீக்கமா, மெடிக்கல் ஷாப்ல "நீர் மாத்திரை" கொடுங்க. வயிறு வீக்கமா, "குடிச்சே கெட்டான்". அவர் சொட்டு குடிச்சிருக்க மாட்டார், ஊரே முத்திரை குத்திடும். மாசக்கணக்கில் கல்லீரல் மருந்து ஓடும். கழுத்தை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

10/ அந்த நீர் மாத்திரை சாதாரண விஷயம் இல்ல. டாம்போனேட் ஆனவருக்கு உள்ளே வர்ற கொஞ்ச ரத்தம்தான் உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கு. நீரை வெளியேத்தினா அதுவும் குறையும். எதனால வீங்குதுன்னு தெரியாம கடையில் வாங்கிப் போடாதீங்க. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

11/ உறையில் நீர் சேர சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், தைராய்டு குறைவுன்னு பல காரணம் உண்டு. ஆனா நம்ம நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிபி. "இருமலே இல்லையே டாக்டர்?" இருக்கணும்னு அவசியம் இல்ல. டிபி நுரையீரலுக்கு மட்டும் எழுதி வெச்ச நோய் இல்ல.

12/ "இதெல்லாம் ரொம்ப அரிது, ஏன் பயமுறுத்துறீங்க?"ன்னு வருவீங்க. மாரடைப்போட ஒப்பிட்டா அரிதுதான். ஆனா உலக டிபி நோயாளிகளில் ஏறத்தாழ 4-ல் ஒருவர் இந்தியாவில் இருக்கார். அப்புறம், இது கண்டுபிடிச்சா சரி பண்ணக்கூடிய நோய். ஊசி போட்டு முதல் 50, 100 மில்லி எடுத்ததுமே பிபி ஏறுறதை மானிட்டரில் பார்க்கலாம். டிபி மாத்திரை 6 மாசம், அரசில் இலவசம். சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாயும் உண்டு. காப்பாத்த முடிஞ்சவரை விடுறதுக்கு "அரிது" ஒரு சாக்கா?

13/ ஆஞ்சியோவுக்குக் கடன் வாங்குற நாம, இலவச மாத்திரையை இரண்டாம் மாசம் "உடம்பு தேறிடுச்சு"ன்னு நிறுத்துறோம். டிபின்னு சொன்னா பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு மறைக்கிறோம். விலை அதிகமா இருந்தாத்தான் வைத்தியம்னு யார் சொல்லிக்கொடுத்தது? "ஹார்ட் பேக்கேஜ்" விளம்பரம்தானே?

14/ என் துறைக்கும் சொல்றேன். கழுத்தைப் பார்க்க, நாடியைப் பிடிக்க மெஷின் வேண்டாம், 2 நிமிஷம் போதும். அரசுக்கும் சொல்றேன், நான் அரசு சம்பளம் வாங்குறவன்தான். எக்கோவும் அதைப் பார்க்கத் தெரிஞ்சவரும் தாலுகா மருத்துவமனை வரைக்கும் வரணும். டிபி மாத்திரை ஒரு நாள்கூட தீர்ந்து போகக்கூடாது.

15/ நீங்க செய்ய வேண்டியது: மூச்சு வாங்குறது, கால் அல்லது வயிறு வீக்கம், கூடவே மாலைக் காய்ச்சல், எடை குறைவுன்னா தள்ளிப் போடாதீங்க. "கழுத்து ரத்தக்குழாய் எப்படி இருக்கு? எக்கோ பார்க்கலாமா?"ன்னு தைரியமா கேளுங்க. மூச்சுத் திணறலோட மயக்கம், கை கால் சில்லிட்டா உடனே 108. டிபி மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்ற வரை நிறுத்தாதீங்க.

வீட்டில் வயிறு வீங்கி "குடிகாரன்"னு பேர் வாங்கி உட்கார்ந்திருக்கிற யாராவது இருந்தா, இந்தப் பதிவை முதலில் அவங்க வீட்டுக்கு அனுப்புங்க.