மேடை எல்லோருக்கும்: ஒரு கொள்கைப் பிரகடனம்

ராக் இசையை வாசிப்பவர்களும் கேட்பவர்களுமாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகத் திரள்கிறோம். எங்கள் நம்பிக்கை ஒன்றுதான்: யாருக்கும் அடங்காமல் பாடும் உரிமை, பக்கத்தில் நிற்பவரைக் காக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு வரலாறே சாட்சி. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகருக்குள் புகுந்தன. அடுத்த சில வாரங்களில் அங்கே 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற ராக் குழு பிறந்தது. 1970இல் அரசு அவர்களின் தொழில் உரிமத்தைப் பறித்தது. மேடை மறுக்கப்பட்டவர்கள் கிராமங்களில் வாசித்தார்கள். நண்பர்களின் கல்யாணங்களில் வாசித்தார்கள். 1976 பிப்ரவரியில் குழுவின் கலை இயக்குநர் இவான் யிரோஸின் கல்யாணமே இசைவிழாவானது. மறுமாதம் கைதுகள் தொடங்கின. செப்டம்பரில் நால்வருக்குச் சிறை. நீளமுடி இளைஞர்களின் வழக்கு நம் வழக்கு என்று எழுத்தாளர்களும் தத்துவ அறிஞர்களும் எழுந்தார்கள். 1977 ஜனவரியில் 'சார்ட்டர் 77' என்ற மனித உரிமைப் பிரகடனம் வெளிவந்தது. அதை முன்னின்று உருவாக்கியவர்களுள் ஒருவரான வாக்லாவ் ஹாவெல் 1989 டிசம்பரில் அந்நாட்டின் அதிபரானார்.

கடமையைக் காத்தால் என்ன ஆகும், மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அறிவோம். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவில் நான்கு லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் கிடந்தார்கள். உணவு தீர்ந்தபோது 'ஹாக் ஃபார்ம்' என்ற கூட்டு வாழ்க்கைக் குழுவின் தோழர்கள் ஓட்ஸ் கலவையைக் காகிதக் கோப்பைகளில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில், கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்ட் திடலில் நடந்த ராக் நிகழ்ச்சியில், தாழ்வான மேடையின் காவலை ஏற்பாட்டாளர்கள் ஒரு மோட்டார் சைக்கிள் கும்பலிடம் விட்டார்கள். 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் மேடைக்கு முன்னாலேயே குத்திக் கொல்லப்பட்டார். இசை அதேதான், கூட்டத்தைப் பார்த்துக்கொண்ட கைகள்தான் வேறு.

ஆகவே நாங்கள் அறிவிக்கிறோம்:

1. ராக் இசை கறுப்பின மக்களின் புளூஸில் பிறந்தது. 'ஹவுண்ட் டாக்' பாடலை எல்விஸுக்கு முன்பே, 1952இல், பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். அந்த வேர்களை மேடைதோறும் பெயர் சொல்லிப் போற்றுவோம்.

2. எதைப் பாட வேண்டும் என்பதை அரசும் முடிவு செய்யக் கூடாது. விளம்பரதாரரும் முடிவு செய்யக் கூடாது. பாட்டில் கைவைக்கும் பணம் எங்களுக்கு வேண்டாம்.

3. குடிநீர், முதலுதவி, வெளியேறும் வழி மூன்றும் தயாராகும்வரை முதல் பாட்டு தொடங்காது. பெண்கள் அச்சமின்றி முன்வரிசையில் நிற்க முடியாத நிகழ்ச்சி எங்கள் நிகழ்ச்சி அல்ல.

4. இன வெறுப்புக்கும் சாதி வெறுப்புக்கும் எங்கள் ஒலிபெருக்கி பேசாது. 1978 ஏப்ரல் 30 அன்று 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கத்தின் அழைப்பில் இளைஞர்கள் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை நடந்தார்கள். அங்கே வெள்ளையரின் பங்க் இசையும் கறுப்பினத்தவரின் ரெகேயும் ஒரே மேடையில் ஒலித்தன. எங்கள் வழியும் அதுவே.

5. வசூல் கணக்கை எல்லோர் முன்னும் வைப்போம். பாடியவருக்கும் ஒயர் சுருட்டியவருக்கும் பேசிய கூலி அன்றிரவே கைக்கு வரும்.

கிடார் வாசிப்பவர்களே, டிரம்ஸ் அடிப்பவர்களே, பாட்டு எழுதுபவர்களே, வாருங்கள். எதுவும் வாசிக்கத் தெரியாது, கேட்கத்தான் பிடிக்கும் என்பவர்களும் வாருங்கள். கூட்டத்தைக் காக்க உங்கள் கைகள் வேண்டும். சந்தா கிடையாது. இந்த ஐந்தையும் கடைப்பிடிப்போம் என்று கையெழுத்திடுங்கள். அன்றே நீங்கள் இந்த இயக்கத்தின் உறுப்பினர்.