பாக்கும் வாய்க்குள் ஒரு தறியும்

மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புக்குள் நுழைந்தால் வெயிலே தெரியாது. அந்தப் பாக்கைக் குறை சொன்னால் கொங்கு நாட்டில் பலருக்குக் கோபம் வரும். தாம்பூலத் தட்டு இல்லாமல் இங்கே எந்த விசேஷம் நடந்திருக்கிறது? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

உடம்பு வெறும் செல்களின் குவியல் அல்ல. செல்களைச் சுற்றிப் புரத இழைகளாலான ஒரு நெசவு உண்டு; அதில் முக்கிய நூல் கொலாஜன். பாக்கை ஓயாமல் மெல்லுகிறவரின் கன்னத்து உட்புறம் அழற்சியிலேயே கிடக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் கொலாஜனைக் கூடுதலாக நெய்ய வைக்கிறது. அதிலுள்ள தாமிரம் இழைகளைப் பிணைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. துவர்ப்பைத் தரும் டானின்களோ பழைய இழைகளைக் கரைய விடுவதில்லை. பாவு இறுகிய தறிபோல வாய் விறைக்கிறது. காரம் பட்டாலே எரிகிறது. முற்றினால் இரண்டு விரல் நுழையவும் இடமிருக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952-ல் பதிவு செய்த நோய் இது. சிலருக்கு இது வாய்ப்புற்றாகவும் மாறுகிறது.

“புகையிலை சேர்க்கலீங்களே” என்பதுதான் வழக்கமான சமாதானம்.

அது செல்லாது. புகையிலை கலக்காத பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தமிழ்நாடு 2013-ல் குட்காவைத் தடை செய்தது; வெறும் பாக்குப் பொட்டலமோ பெட்டிக்கடையில் மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.