மலைக்குக் காரணத்தையும் கொண்டுபோவோம்

ஹோட்டன் சமவெளியில் பிறக்கும் ஆக்ரா ஓயா, அக்கரப்பத்தனைத் தோட்டங்களைக் கடந்து, கொத்மலை ஓயாவாகத் தலவாக்கலைக்கு இறங்குகிறது. அங்கே சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925இல் நிறுவப்பட்ட அந்த நிலையத்துக்கு நூறு வயது நிறைந்துவிட்டது. தேயிலைச் செடியைப் பற்றி உலகம் அறிந்திருப்பவற்றில் கணிசமான பகுதி அங்கு கண்டறியப்பட்டது. பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள லயங்களுக்கு அந்த அறிவு எந்த வடிவில் வந்து சேர்கிறது? பெரும்பாலும் காலைப் பெரட்டில் பிரித்துக் கொடுக்கப்படும் வேலையாக மட்டுமே. இந்த மலையில் கொழுந்து, அந்த மலையில் கவ்வாத்து, அடுத்த மலையில் மருந்தடிப்பு. என்ன செய்யவேண்டும் என்பது வருகிறது. ஏன் என்பது வருவதில்லை.

விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள், சுகாதார உத்தியோகத்தர்கள், விரிவாக்க உத்தியோகத்தர்கள், எழுத்தாளர்கள் ஆகிய நாம் முதலில் கவனிக்கவேண்டிய இடைவெளி இதுதான். மக்களுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்ற முறைப்பாட்டை நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிறோம். அதை நாம் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானத்தைக் கையால் செய்துவரும் மக்களுக்கு அதன் காரணத்தை யாரும் சொல்லாமல் விட்டதே உண்மையான குறை.

கவ்வாத்தை எடுத்துக்கொள்வோம். இலைகளை எல்லாம் இழந்த தேயிலைச் செடி, வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளைக் கொண்டுதான் மீண்டும் துளிர்க்கிறது. வேரில் இருப்பு குறைவாக இருக்கும்போது வெட்டினால் செடி பட்டுப்போகும். அதனால் கவ்வாத்துக்கு முன் வேர்த்துண்டொன்றை வெட்டி, அதில் அயடீன் கரைசலைத் தடவிப் பார்ப்பது நெடுநாளைய பரிந்துரை. கருநீலமாக மாறினால் மாப்பொருள் போதியளவு இருக்கிறது. நிறம் வெளிறி இருந்தால் செடிக்கு இன்னும் ஓய்வு தேவை. இதே அயடீன் சோதனையைத்தான் தோட்டப் பாடசாலைப் பிள்ளை வேகவைத்த இலையில் செய்து பார்த்து, பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறது. தகப்பன் வெட்டும் மலைக்கும் தன் பயிற்சிக் கொப்பிக்கும் தொடர்பு உண்டென்று அந்தப் பிள்ளைக்கு ஒருவர் சொன்னால் போதும், பாடம் வீட்டுக்குப் போய்விடும். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு வேர்த்துண்டும் சில துளி அயடீனும் போதும்.

நிழல் மரங்களின் கிளைகளைத் தென்மேற்கு மழைக்கு முன் வெட்டுவதும் அப்படித்தான். கொப்புள நோயை உண்டாக்கும் பங்கசு 1946இல் இலங்கைக்கு வந்தது. இளங்கொழுந்தில் ஈரம் நீடித்திருந்தால்தான் அதன் வித்திகள் முளைக்கும். வெயில் பட்டால் அவை தாங்கா. கிளையை வெட்டி வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டால் இலை விரைவில் உலர்கிறது. வெயில் நேரத்தை அளந்து மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறையும் இந்த உண்மையிலிருந்து பிறந்ததே. இலைகளைச் சுருட்டித் தின்னும் தேயிலைப் புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது அந்தப் புழுவைக் கட்டுப்படுத்திய வரலாறு, உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உலகப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அது நடந்த மலைகளில் வாழும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்?

உயிரோடு தொடர்புடைய இடங்களில் இந்த இடைவெளி இன்னும் கனக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் செய்தி குளவிக்கொட்டு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி என்பதோடு செய்தி முடிந்துவிடும். அடுத்த முறை என்ன செய்யலாம் என்பது அதில் இருப்பதில்லை. மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீக்களும் இப்படிக் கூட்டமாகத் தாக்குகின்றன, குளவிகளும் தாக்குகின்றன. தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கி, அறுந்துவந்த நச்சுப் பையிலிருந்து தொடர்ந்து நஞ்சை இறக்கும். எனவே நகத்தாலோ விரலாலோ, எப்படியாவது, உடனே அகற்றவேண்டும். எப்படி அகற்றுகிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவில் என்பதே முக்கியம். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டிய தேனீ ஓர் எச்சரிக்கை வாசனையையும் வெளியிடுகிறது. பழுத்த வாழைப்பழம் போல மணக்கும் அந்த வாசனை மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கிறது. கையை வீசி அடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, முகத்தை மூடிக்கொண்டு தூர விலகவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். காரணம் தெரிந்தவருக்குப் பதற்றத்திலும் அது நினைவில் நிற்கும்.

அதன் பிறகு வரும் ஆபத்துகள் இரண்டு வகை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டே போதும். உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்று என்று சில நிமிடங்களில் வரும். அதற்கு முதல் மருந்து தொடைத் தசையில் ஏற்றும் அட்ரினலின். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. தலைச்சுற்றுள்ளவரை மலையில் நடக்கவைக்காமல் படுக்கவைத்துத் தூக்கிச் செல்லவேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவைக்கலாம். இரண்டாவது ஆபத்து, நிறையக் கொட்டுகள் பட்டவருக்கு நஞ்சின் அளவால் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது. இது மெதுவாக வரும். இப்போது சுகமாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போனவருக்குப் பின்னர் சிறுநீர் கறுத்துப் போகலாம். இந்தச் சில வாக்கியங்களும் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும் இருக்கவேண்டும். அதே வேளை, எந்த மரத்தில் எந்தக் காலத்தில் கூடு வரும் என்பதை மலையில் வேலை செய்யும் பெண்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பெருந்தேனீக்கள் காலத்துக்கேற்ப இடம்பெயர்பவை. அந்தப் பெண்கள் சொல்வதைக் கேட்டு மலை மலையாகக் கூட்டு வரைபடம் தயாரித்தால், வேலை பிரிக்கும்போது அது உதவும், ஆய்வாளருக்கும் பயன்படும். மக்களுக்குச் சொல்ல வருபவர்கள் மக்களிடமிருந்து குறித்துக்கொள்ளவும் வரவேண்டும்.

மண்சரிவு இதைவிடப் பெரிய சோதனை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறவேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவரும் அளவு. ஆனால் மில்லிமீற்றர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். அந்தக் கணக்கில் 150 மில்லிமீற்றர் மழை, ஓர் ஏக்கர் சரிவில் ஏறத்தாழ ஆறு இலட்சம் லீற்றரை, அதாவது 600 தொன் எடையை இறக்குகிறது. மண்ணுக்குள் இறங்கிய நீர் துகள்களுக்கிடையே அழுத்தத்தை உயர்த்தி, அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் வலிமையைக் குறைக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குப் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், கலங்கி வரும் அல்லது திடீரென வற்றும் ஊற்று, இறுகிப்போகும் கதவு எல்லாம் ஒரே செய்தியைச் சொல்லும். நேர்ச்சுவர்ப் போத்தல் ஒன்றும் அடிமட்டமும் இருந்தால் எந்த லயத்திலும் மழையை அளக்கலாம். வானொலி சொல்லும் எண் அப்போது தங்கள் கையால் சரிபார்த்த எண்ணாகிறது.

இங்கே நமது தொழிலின் எல்லையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போய்க் குடியிருக்க நிலமில்லாதவரிடம் எச்சரிக்கையை மட்டும் கொடுப்பது பாதி வேலை. 2025 நவம்பர் இறுதியில் மலையகத்தில் மண்சரிவுகளைக் கொண்டுவந்த டித்வா புயல் இதையே மீண்டும் உணர்த்தியது. காணியும் பாதுகாப்பான வீடும் கிடைக்கும்வரை விஞ்ஞானத் தொடர்பாளர் அவற்றையும் சேர்த்தே பேசவேண்டும். அறியாமையால் இறந்தார்கள் என்று பழியை மக்கள்மேல் போடும் மொழிக்கு நமது இதழில் இடமில்லை.

எண்களைக் கேட்கும் பழக்கம் நாட்டின் கொள்கைக்கும் தேவை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மேடைகளில் பேசப்பட்டது நஞ்சற்ற உணவு பற்றி. ஒரு மூடை யூரியா 50 கிலோ என்றால் அதில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதே நைதரசனுக்கு ஒரு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அந்த ஒரு தொன்னை மலையுச்சிக்கு யார் சுமப்பது? இந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவரால் போடக்கூடியது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ, 2022இல் 25 கோடி கிலோ. வேறு நெருக்கடிகளும் சேர்ந்தே இந்த வீழ்ச்சி. ஆனாலும் கொழுந்து குறைந்த மலையில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது தொழிலாளிக்குத்தான்.

நமக்கு முன்னோடிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கலைப்பயணங்களாலும் ‘துளிர்’ சிறுவர் இதழாலும் ஊர் ஊராக விஞ்ஞானத்தைக் கொண்டுபோனது. தமிழில் முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். லயத்து வாசலுக்கு வந்தோமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

எனவே இதழின் வாசகர்களான தொழில்சார் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்து எழுதும் துண்டுப்பிரசுரத்திலும், நடத்தும் வகுப்பிலும், தோட்டத்தில் பேசும் கூட்டத்திலும் ஒவ்வொரு அறிவுறுத்தலுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எண் இருந்தால் அதை மக்களே சரிபார்க்கும் வழியையும் சேருங்கள். கேட்டவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அந்தக் கேள்விகளுக்கு முதற்பக்கங்களை ஒதுக்குவோம்.